மறிச்சுக்கட்டி முத்துச்சிப்பி ஏலமும் இன்றைய இணைய ஏலமும்

"ஏலம்" என்பது தமிழ்ச்சொல் அன்று. போர்த்துக்கேய மொழியின் "லெயிலாவ்" என்ற சொல்லே தமிழர் நாவில் ஏலமாயிற்று என்று சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி கூறும். சிங்களத்தில் ஏலத்தைக் குறிக்கும் "வெந்தேசிய" என்ற சொல்லோ ஒல்லாந்தர் விட்டுச்சென்றது. இலங்கையின் இரு மொழிகளும் இச்சொல்லை இரு வேறு ஐரோப்பியரிடமிருந்து பெற்றுக்கொண்டன. கடன் வாங்கிய சொல்லானாலும், அச்சொல் குறிக்கும் தொழிலில் நம்மவர் எவருக்கும் இளைத்தவரல்லர் என்பதை வன்னியின் மேற்குக் கரை நன்கறியும்.

புலம்பெயர்ந்து வாழும் அன்பர்கள் பலர் இன்று இணைய ஏலங்களில் பங்குபற்றுகின்றனர். பழைய இலங்கை முத்திரைகள், நாணயங்கள், அஞ்சலட்டைகள், நிலப்படங்கள், கிடைத்தற்கரிய நூல்கள் ஆகியவற்றை அங்கே தேடி வாங்குகின்றனர். அவர்களிற் சிலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: ஏலத்தில் வெல்வது எப்படி? பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் கழித்த எனக்குக் கணினி நுட்பம் அதிகம் தெரியாது. ஆனால் ஏலத்தின் வரலாறு ஓரளவு தெரியும். அந்த வரலாறு சொல்லும் விடை சற்று வேறானது. ஏலத்தில் வெல்வது எளிது. வென்றபின் வருந்தாதிருப்பதே அரிது.

வன்னி என்றவுடன் நினைவுக்கு வருபவை குளங்களும் வயல்களும் காடும், 2009-இல் முடிந்த போரின் கொடுமைகளுமே. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகியவற்றோடு மன்னாரின் பெருநிலப் பகுதியும் வன்னியைச் சேர்ந்ததென்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் ஆகிய மூன்றும் சேர்ந்ததே இன்றைய வன்னித் தேர்தல் மாவட்டம். செட்டிகுளத்தை அண்டி ஓடிவரும் அருவியாறு அரிப்புக்கு அருகே கடலிற் கலக்கிறது. அங்கிருந்து தெற்கே சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என்று நீளும் முசலிக் கரைக்கு எதிரேயுள்ள கடலடித் திட்டுகளே புகழ்பெற்ற முத்துப் பார்கள். செவல் பார், பெரிய பார், மோதரகம் பார் என்ற தமிழ்ப் பெயர்களையே ஆங்கில அரசின் அறிக்கைகளும் பயன்படுத்தின. முத்துக் குளிப்பைப் பார்வையிடுவதற்காக ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்பில் கட்டிய மாளிகையின் இடிபாடுகளைக் கடல் சிறிது சிறிதாக விழுங்கி வருகிறது.

ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில், அந்தந்தப் பருவத்தில் குளிக்கவேண்டிய பார்களின் உரிமையையே ஏலத்தில் விட்டனர். அதிக விலை கேட்டவர், பெரும்பாலும் இந்திய வணிகர் ஒருவர், அதனை எடுத்தார் என்று 1803-இல் வெளிவந்த தமது நூலில் ரொபேட் பேர்சிவல் எழுதியுள்ளார். பிற்காலத்தில் முறை மாறியது. குளிப்பை அரசே நடத்தி, எடுத்த சிப்பிகளை நாள்தோறும் ஏலத்தில் விற்றது.

அந்த நாட்களில் வெறும் மணற்கரையிலே சில வாரங்களுக்குள் ஒரு நகரம் எழும். நீதிமன்றம், வைத்தியசாலை, பொலிஸ் நிலையம், தபால் தந்திக் கந்தோர், கடைத்தெரு யாவும் அங்கு இருக்கும். முப்பது நாற்பதாயிரம் மக்கள் கூடுவர். கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் சுழியோடிகள் வருவர். சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டிகளும் வருவர். நாட்டுக்கோட்டைச் செட்டிமாரும் கீழக்கரை மரைக்காயர்களும் பம்பாய் வணிகர்களும் பணப்பெட்டிகளுடன் வருவர். மார்ச், ஏப்ரல் மாதங்கள் கழிந்து காற்று மாறியதும் அந்நகரம் இருந்த தடமே தெரியாமல் மறையும். யாழ்ப்பாணக் கச்சேரியில் பணியாற்றிய லெனார்ட் வூல்ப் 1906-இல் மறிச்சுக்கட்டியில் கடமையாற்றியவர். பின்னர் எழுத்தாளராகப் புகழ்பெற்ற அவர் அந்த அனுபவத்தைக் கதையாகவும் தன்வரலாற்றிலும் பதிவுசெய்துள்ளார்.

படகுகள் கரை சேர்ந்ததும் சிப்பிகளை அரச அடைப்புக்குள் கொண்டுசென்று சுழியோடிகள் மூன்று சம குவியல்களாகப் பிரிப்பர். இரண்டு அரசுக்கு, ஒன்று சுழியோடிகளுக்கு. எந்தக் குவியல் யாருக்கென்று தீர்மானிப்பவர் அரச அலுவலர். எது தமக்கு வருமென்று தெரியாததால், பிரிப்பவர்கள் மூன்றையும் சமமாகவே பிரித்தாக வேண்டும். பங்கு பிரிப்பதில் இதைவிட நேர்த்தியான ஏற்பாட்டை இன்றைய பொருளியலாளரும் எளிதிற் காட்டமாட்டார்கள்.

இரவானதும் ஏலம் தொடங்கும். அன்று எத்தனை சிப்பிகள் என்று அறிவிப்பர். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு ரூபாய் என்று வணிகர் கேட்பர். அதிக விலை கேட்டவர் அந்த விலைக்கு எத்தனை ஆயிரமும் எடுக்கலாம். மிஞ்சியதை மற்றவர்களும் அதே விலைக்கு வாங்கலாம். அதற்குமேலும் மிஞ்சினால் மறுபடியும் ஏலம். 1905-இல் நடந்த குளிப்பே யாவற்றிலும் பெரியது. எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்குக் கிடைத்த வருமானம் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய்.

இந்த ஏலத்தின் சிறப்பு என்னவெனில், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் உள்ளே இருப்பது தெரியாது. சிப்பியைத் திறந்தால்தான் முத்து. இலட்சக்கணக்கான சிப்பிகளை ஒவ்வொன்றாகத் திறக்க இயலாது. அவற்றைப் பல நாட்கள் அழுகவிட்டு, ஈ மொய்க்கும் நாற்றத்தினிடையே கழுவி, அடியில் தங்கும் முத்துகளைப் பொறுக்கவேண்டும். பின்னர் துளையிட்ட பித்தளைத் தட்டுகளிற் சலித்துப் பருமன் பிரித்து, நிறமும் உருட்சியும் பார்த்து ஆணிமுத்து முதல் தூள்வரை தரம்பிரிக்க வேண்டும். ஏலத்தில் கொடுத்த விலை சரியா பிழையா என்பது அப்போதுதான் தெரியும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும்.

இத்தகைய ஏலத்தில் ஒரு பொறி உண்டு. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. ஆயிரம் சிப்பியில் உண்மையில் 45 ரூபாய் பெறுமதியான முத்து இருப்பதாகக் கொள்வோம். ஐந்து வணிகர்கள் அதனை முறையே 30, 40, 45, 50, 60 ரூபாய் என்று மதிக்கின்றனர். அவர்களின் மதிப்புகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால் சரியாக 45 வருகிறது. ஆக, ஐவரும் சேர்ந்து பார்த்தால் மதிப்பீட்டில் பிழையில்லை. ஆனால் ஏலத்தை எடுப்பவர் யார்? 60 என்று மதித்தவர். 50 என்று மதித்தவர் விலகும்வரை அவர் விடமாட்டார். எனவே 51 ரூபாய் கொடுத்து 45 ரூபாய்ப் பொருளை வாங்கிச் செல்கிறார். ஐவருள் மிக அதிகமாக மிகைத்து மதித்தவரே வென்றவர். கேட்பவர் தொகை கூடக்கூட, வெல்பவரின் தவறும் கூடவே செய்யும்.

இதற்கு "வென்றவனின் சாபம்" என்று பெயரிட்டு வழங்குகின்றனர். மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய் அகழும் உரிமைகளை ஏலத்தில் எடுத்த நிறுவனங்கள் எதிர்பார்த்த இலாபத்தை ஏன் பெறவில்லை என்பதை ஆராய்ந்த கேபன், கிளாப், கம்பெல் ஆகிய மூவர் 1971-இல் இதனை விளக்கினர். இத்துறையை வளர்த்த போல் மில்குரோம், ரொபேட் வில்சன் ஆகியோருக்கு 2020-இல் பொருளியல் நொபெல் பரிசு கிடைத்தது. கடலுக்கடியில் கண்ணுக்குத் தெரியாத பொருளை விலைபேசுவதில் எண்ணெயும் முத்தும் ஒன்றே.

முத்து வணிகர்கள் இச்சாபத்திலிருந்து தப்ப வைத்திருந்த வழிகள் கவனத்துக்குரியவை. முதலாவது, மாதிரி மதிப்பு. குளிப்புக்கு முன்னர் அரசு சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துக் கழுவி, கிடைத்த முத்துகளை வல்லுநர்களைக் கொண்டு மதித்து, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று விளம்பரப்படுத்தும். அந்தத் தொகையே வணிகரின் கணக்குக்கு அடித்தளம். இரண்டாவது, சுழியோடிகளின் பங்கு. அவர்கள் தம் சிப்பிகளை அடைப்புக்கு வெளியே சில்லறையாக விற்பர். வாங்குவோர் அங்கேயே பிளந்து பார்ப்பர். அன்றைய சிப்பி எப்படிப்பட்டது என்பதற்கு அதைவிடப் புதிய சான்று கிடையாது. மூன்றாவது, ஏலம் ஓர் இரவோடு முடிவதில்லை. இன்று விட்டால் நாளை உண்டு. சிறு தொகை வாங்கிக் கழுவிப் பார்த்து, அதன் பலனைக்கொண்டு அடுத்த வாரம் கேட்கலாம். நல்ல முத்தொன்று கிடைத்தது என்ற வதந்தி பரவிய இரவில் விலை ஏறும். அந்த இரவில் பின்னுக்கு நிற்பவரே தேர்ந்த வணிகர்.

இவ்வழிகளை விட்டுப் பெருந்தொகைக்கு ஒரேயடியாக எடுத்தவர்களின் கதையும் உண்டு. 1903 முதல் 1906 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் நல்ல குளிப்பு நடந்தது. அந்த உற்சாகத்தில் இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி என்ற ஆங்கில நிறுவனம் பார்களை 1906-இல் 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டுக் குத்தகை 3 இலட்சத்து 10 ஆயிரம் ரூபாய். முந்திய ஆண்டின் 25 இலட்சத்தைக் கண்டவர்களுக்கு இது அற்பத் தொகையாகவே தோன்றியிருக்கும். ஆனால் அதே பார்கள் 1892 முதல் 1902 வரை பதினொரு ஆண்டுகள் ஒரு குளிப்புக்கும் இடந்தராமல் வறண்டு கிடந்தவை. சிப்பிகள் முதிருமுன்னர் நீரோட்டம் அடித்துச் செல்லும், திருக்கைமீன்கள் தின்றுவிடும். 1907-க்குப் பின் பார்கள் மறுபடியும் வெறுமையாயின. குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பனி கலைந்தது. நான்கு நல்ல ஆண்டுகளைக் கணக்கில் எடுத்தவர்கள், அதற்கு முந்திய பதினொரு ஆண்டுகளை எடுக்கவில்லை. பின்னர் 1925-இல் அரசு ஒரு குளிப்பை நடத்தியது. அதற்குள் ஜப்பானின் மிக்கிமோட்டோ வளர்ப்பு முத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

கம்பனி தன் பணத்தையே இழந்தது. ஏலத்தில் மிகைத்துக் கேட்டவர் தம் இழப்பைப் பிறர் தலையில் சுமத்தக்கூடிய இடங்களும் இருந்தன. அதற்குச் சான்று வன்னியின் உட்புறத்தில் உள்ளது. நெல் விளைவில் அரசுக்குரிய பங்கைத் தண்டும் உரிமையை ஆங்கில அரசு ஏலத்தில் விற்றது. எடுத்தவர் குத்தகைக்காரர். அவர் அரசுக்குக் கட்டவேண்டிய தொகை ஏலத்தோடு முடிவாகிவிடும். வயலில் எவ்வளவு தண்டுவது என்பதே மிச்சம். குத்தகைக்காரர் வந்து பார்க்கும்வரை கமக்காரன் அருவி வெட்டவோ சூடு மிதிக்கவோ இயலாது. அவர் வரத் தாமதித்தால் கதிர் உதிரும், மழை வந்தால் சூடு நனையும். அதற்கு அஞ்சிக் கேட்டதைக் கொடுத்துவிடுவர். ஏலத்திற் போட்டி மிகுந்து விலை ஏறினால் அரசுக்கு மகிழ்ச்சி. அந்த ஏற்றம் கடைசியில் கமக்காரனின் களத்திலிருந்தே ஈடுசெய்யப்பட்டது. இலங்கை முழுவதும் எழுந்த கண்டனத்தின் பின், ஆளுநர் ஆதர் ஹவ்லொக் காலத்தில், 1892-இல் நெல்வரியே ஒழிக்கப்பட்டது. 1869 முதல் 1896 வரை வட மாகாண அரச அதிபராக இருந்த வில்லியம் துவைனம், வன்னியின் நெல்லுக்கும் அதன் கரையின் முத்துக்கும் ஒருங்கே பொறுப்பாயிருந்தவர். முத்துக் குளிப்பைப்பற்றிய அவரது அறிக்கை அத்துறையில் முதன்மையான ஆவணங்களுள் ஒன்று.

இனி இணைய ஏலத்துக்கு வருவோம். பியர் ஒமிடியார் 1995 செப்ரெம்பரில் தொடங்கிய தளமே பின்னர் ஈபே ஆயிற்று. அதில் முதலில் விலைபோன பொருள் பழுதடைந்த லேசர் சுட்டுகருவி ஒன்று, விலை 14.83 டொலர். அங்கே ஏலங்கூறுபவர் இல்லை. "ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம்" என்ற குரலும் இல்லை. குறித்த நேரத்தில் ஏலம் தானாக மூடும். நீங்கள் கொடுக்கக்கூடிய உச்ச விலையை ஒருமுறை பதிந்தால் போதும். உங்கள் சார்பில் தளமே படிப்படியாகக் கேட்கும். இறுதியில் நீங்கள் செலுத்துவது உங்கள் உச்ச விலையை அன்று. அடுத்தவரின் உச்ச விலைக்குச் சற்று மேலான தொகையை. வில்லியம் விக்ரி 1961-இல் விளக்கிய இரண்டாம் விலை ஏலத்துக்கு இது நெருங்கியது. எனவே உண்மையான உச்ச விலையை மறைப்பதால் பயனில்லை என்பதே கோட்பாடு.

ஆனால் நடைமுறையில் அனுபவசாலிகள் கடைசி விநாடிகளில்தான் கேட்கின்றனர். அல்வின் ரோத், அக்செல் ஒக்கென்பெல்ஸ் ஆகிய இருவர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விளக்கம் தந்தது. அமேசன் அக்காலத்தில் நடத்திய ஏலத்தளத்தில், கடைசி நிமிடங்களில் எவரேனும் கேட்டால் ஏலம் மேலும் பத்து நிமிடம் நீளும். அங்கே இறுதிநேரக் கேள்விகள் குறைவு. நேரம் நீளாத ஈபேயில் அவை அதிகம். அதிலும் கணினிகளைவிடப் பழம்பொருள்களிலேயே அதிகம். காரணம் எளிது. பழம்பொருளின் மதிப்பை அறிந்தவர் முன்கூட்டியே கேட்டால், அவர் கேட்டதே மற்றவர்களுக்குச் சான்றாகிவிடும். கற்றவர் கை வைத்த பொருள் நல்ல பொருள் என்று விலை ஏறும். ஆகவே அவர் மௌனம் காக்கிறார். மறிச்சுக்கட்டியில் நல்ல சிப்பியைக் கண்டறிந்த வணிகரும் அதைப் பறைசாற்றியிருக்கமாட்டார்.

இவற்றிலிருந்து பெறத்தக்க உத்திகள் சிலவே. கேட்குமுன் மாதிரி மதிப்பை அறியுங்கள். இணையத்தில் அது முடிந்துபோன ஏலங்களின் விலைப்பட்டியல். விற்பவர் குறிக்கும் விலையையும், விற்காமற் கிடக்கும் பொருள்களின் விலையையும் அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். அடுத்து, உங்கள் உச்ச விலையைத் தனியே ஒரு தாளில் எழுதிவையுங்கள். தபாற் செலவு, சுங்கவரி, ஏல நிறுவனத்தின் தரகு ஆகியவை அதற்குள் அடங்கவேண்டும். பொருளின் உண்மைத்தன்மையில் ஐயம் இருந்தால் அதற்கும் கழியுங்கள். கேட்பவர் பலராயின் இன்னுஞ் சற்றுக் கழியுங்கள். மேலே காட்டிய கணக்கு அதற்காகவே. பின்னர் இறுதி நேரத்தில் ஒரேயொருமுறை அத்தொகையைப் பதிந்துவிட்டு அகலுங்கள். ஐம்பது, நூறு என்று முழுத் தொகை கேட்பவர் அதிகமாதலால், அதற்கு ஒன்றிரண்டு கூட்டிக் கேட்பது சிலவேளை பயன்தரும். தோற்றால் தோற்றதே. அச்சிட்ட நூலோ அஞ்சலட்டையோ பெரும்பாலும் மறுபடியும் ஏலத்துக்கு வரும்.

விற்பவரே ஆள்வைத்து விலையேற்றும் மோசடியும் உண்டு. ஏலத்தளங்கள் அதனைத் தடைசெய்துள்ளன. எனினும் முற்றாக ஒழிந்ததாகச் சொல்வதற்கில்லை. ஒரே விற்பவரின் பொருள்களில் மட்டும் விடாது கேட்டு, ஒருபோதும் வெல்லாத பெயரைக் கண்டால் விலகுங்கள். இதற்கு எதிரானது வாங்குவோர் கூடிப்பேசி விலையை அமுக்குதல். வன்னியில் அடைவு நகை ஏலத்துக்கு வரும்போது அவ்வாறு நடந்தால், கடனும் வட்டியும் போக மிஞ்சி நகைக்குரிய குடும்பத்துக்குச் சேரவேண்டிய பணமே குறையும். எனவே அதனை உத்தி என்று எவரும் எனக்குச் சொல்லவேண்டாம்.

எம்மவர்க்கு உரிய இன்னோர் ஆபத்தையும் சொல்லவேண்டும். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. வன்னியில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் 2009 வரையிலான ஓட்டத்தில் புகைப்படங்கள், ஆவணங்கள் யாவற்றையும் கைவிட்டன. அதனால் பழைய வன்னியின் படமொன்று திரையில் தோன்றும்போது நாம் அதனைப் பொருளாகப் பார்ப்பதில்லை. இழந்ததன் ஈடாகப் பார்க்கிறோம். அந்த ஏக்கத்துக்கு உச்ச விலை கிடையாது. ரொறொன்ரோவில் ஒருவரும் இலண்டனில் ஒருவரும் ஒருவரையொருவர் அறியாமல் விலையேற்றுவதும், இலாபம் மூன்றாமவர் கைக்குப் போவதும் இவ்வாறே. நூலை வாசிப்பதே நோக்கமாயின், 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளத்தை முதலிற் பாருங்கள். ஈழத்து நூல்களும் இதழ்களும் பல்லாயிரக்கணக்கில் அங்கே இலவசமாக உள்ளன. ஜே. பி. லூயிஸ் 1895-இல் எழுதிய வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேட்டுக்குப் பிற்காலத்தில் மறுபதிப்பும் வந்துள்ளது. முதற்பதிப்பின் தாளைத் தொட்டுப் பார்க்க விரும்புபவர் அதற்குரிய விலையைத் தெரிந்தே கொடுக்கட்டும். அதன் பின்னர் ஒரு பிரதியை எண்ணிமப்படுத்தி எல்லோருக்கும் பயன்படச் செய்தால் அந்த விலை வீண்போகாது.

அதிகம் கொடுத்தவர் வருந்தாத ஏலம் ஒன்றும் வன்னியில் உண்டு. கோயில் திருவிழாவில் சுவாமிக்குப் படைத்த மாம்பழத்தை ஏலங்கூறும்போது, ஒரு பழத்துக்கு ஆயிரக்கணக்கில் கேட்பர். சந்தையில் அதன் விலை எல்லோருக்கும் தெரியும். அங்கே வெல்பவர் கொடுப்பது நேர்த்திக்கடன். கோயிலுக்குச் சேரும் நன்கொடை. மற்ற ஏலங்களிலெல்லாம், பொருளின் மதிப்பு தெரியாதவிடத்து, கேட்காமல் இருப்பதும் ஓர் உத்தியே.